தலைமாட்டு ரொட்டி

என் மகளுக்குக் கோதுமை ஆகாது என்பது அவளுடைய ஆறாவது வயதில்தான் தெரிந்தது. அதுவரை வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு, கைகால் குச்சியாக, வாரத்தில் நாலு நாள் வயிற்றுப்போக்கோடு கிடந்தாள். பூச்சி மருந்து கொடுத்தோம். கோயிலில் மந்திரித்த எண்ணெய் தடவினோம். கடைசியில் ராமநாதபுரம் டாக்டர் மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ரத்தம் எடுத்து, குழாய் விட்டுப் பார்த்து, கோதுமையும் பார்லியும் இனிமேல் ஒரு பொட்டுக்கூடப் பிள்ளை வாயில் படக்கூடாது என்றார்கள். மருந்து என்ன என்று கேட்டேன். சாப்பிடாமல் இருப்பதுதான் மருந்து, ஆயுசுக்கும் அதுதான் என்றார்கள்.

தீவில் இருக்கிறோம், சோறும் மீனும் தின்கிறவர்கள், இதில் என்ன கஷ்டம் என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் என் வீட்டுக்காரர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பஸ் பாம்பன் பாலத்தில் ஏறுவதற்குள் பிள்ளை பிஸ்கட் கேட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்குத் தொடங்கியது.

பரோட்டாவையும் சப்பாத்தியையும் நிறுத்துவது ஒன்றும் பெரிய காரியமில்லை. ரவை, சேமியா, கேக், மிட்டாய்க் கடையில் எண்ணெயில் மிதக்கும் பாதிப் பண்டம், மீன் பொரிக்கிற மசாலாப் பாக்கெட் என்று ஒவ்வொன்றாகத் தெரிய வந்தபோதுதான் மலைப்பாக இருந்தது. இதில் தெருவுக்குப் புரிய வைப்பது தனி வேலை. "கோதுமதான ஆகாது, இது மைதால்ல?" என்று கேட்காத ஆள் கிடையாது. முதல் மாதம் பொறுமையாகச் சொன்னேன், மைதாவும் கோதுமையிலிருந்து வருவதுதான் என்று. இரண்டாம் மாதம் கத்தினேன். எனக்குக் கொஞ்சம் முன்கோபம் உண்டு. கொஞ்சம் என்று நான் சொல்லிக்கொள்வது. கடையில் எதை எடுத்தாலும் திருப்பிப் பின்பக்கம் படித்துவிட்டுத்தான் கீழே வைப்பேன். வீட்டில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள் நான், ஊசியில் நூல் கோர்க்கும் கண், எவ்வளவு பொடி எழுத்தும் தப்பாது. 'லேபிள்' என்று எனக்குத் தெருவில் ஒரு பெயரே விழுந்தது. நான் வருவதைப் பார்த்தால் கடைக்காரர் உள்ளே திரும்பி, "லேபிளு வருது, கண்ணாடிய எடு" என்பார். சிரித்துவிட்டுப் போவேன், ஏனென்றால் பிள்ளை தேறிக்கொண்டிருந்தாள்.

அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், மாதம் ஒரு தடவை இஞ்ச் டேப்பை எடுத்து அவளுடைய மேல்கையை அளப்பேன். டாக்டர் எடை பார்ப்பார். எனக்கு எடை மெஷின் மேல் நம்பிக்கை இல்லை, டேப்தான். ஒரு வருஷத்தில் முக்கால் இஞ்ச் கூடியிருந்தது. பழைய கவுன்களின் கைமடிப்பைப் பிரித்துவிட வேண்டியிருந்தது. அந்தத் தையலைப் பிரித்த அன்றைக்கு நான் அழுதேன்.

இந்த ஒரு வருஷத்தில் நான் சண்டை போடாத ஒரே ஆள் என் மதினிதான், என் வீட்டுக்காரரின் அக்கா. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். மகன்கள் இருவரும் வெளிநாட்டில். கரையில் வலை விரித்துக் கருவாடு காயப்போட்டு விற்கிறார். பேச்சு குறைவு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்தோணியார் கோயிலில் நவநாள் ஜெபம் முடிந்ததும் மந்திரித்த ரொட்டித் துண்டு கொடுப்பார்கள். அதை வாங்கி அங்கேயே தின்றுவிட்டு, நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். வந்ததும் உள்ளே நுழைய மாட்டார். வாசலில் இருக்கிற சிமெண்டுத் தொட்டியில் தண்ணீர் மொண்டு முழங்கை வரை கையைத் தேய்த்துக் கழுவி, வாய் கொப்பளித்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு அப்புறம்தான் படியேறிப் பிள்ளையைத் தூக்குவார். கருவாடு அள்ளிய கை, வாடை போகக் கழுவுகிறார் என்று நான் நினைத்திருந்தேன். கல்யாணமான புதிதில், தைக்க வந்த பட்டுத் துணியை அவர் தொட்டுப் பார்த்தபோது நான் முகத்தைச் சுளித்துவிட்டேன். அதை மறக்காமல் இப்படிக் கழுவிக் காட்டுகிறார் என்றும் சில நாள் தோன்றும். கேட்டதில்லை.

ஐப்பசியில் வாடைக்காற்று அடிக்கத் தொடங்கியதும் தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் வருவதுபோல அவளுக்கும் சளி வந்தது. சனிக்கிழமை மூக்கு ஒழுகியது, ராத்திரி நெஞ்சில் கர்கர் என்றது, விடிந்தால் காய்ச்சல். சாதாரணச் சளிக் காய்ச்சல்தான். நோய் இன்னதென்று தெரிந்த பிறகு அவளுக்கு வருகிற முதல் காய்ச்சல் என்பதால் நான்தான் நிமிஷத்துக்கு ஒரு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

எங்கள் பக்கம் காய்ச்சல்காரர் வீட்டுக்கு யாரும் வெறுங்கையாக வர மாட்டார்கள். ரொட்டிப் பாக்கெட், பன், ரஸ்க், பாலில் கலக்குகிற சத்துப் பவுடர், இவைதான் காய்ச்சலுக்கு என்று யார் எந்தக் காலத்தில் முடிவு செய்தார்களோ. அத்தனையும் கோதுமை, பவுடரில் பார்லி. எதிர்வீட்டு அக்கா ஒரு சொம்பு நிறையப் பார்லித் தண்ணீரைக் காய்ச்சி, சூடு ஆறாமல் தூக்கிக்கொண்டு வந்தார். பாசமாகத்தான் வந்தார். வாங்கிக்கொள்ளாமல் வாசலிலேயே நிறுத்தி நான் பேசிய பேச்சில் அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. வந்த ரொட்டிகளை எல்லாம் வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு அடுக்கினேன். ஒரு பாக்கெட்கூட நிலைப்படி தாண்டவில்லை.

மருந்துக் கடையிலும் அதே கதைதான். சிரப்பை வாங்கிக்கொண்டு இதில் கோதுமை மாவு ஏதும் கலந்திருக்குமா என்று கேட்டேன். "காய்ச்ச மருந்துல எவன்க்கா கோதும கலப்பான்?" என்றார் கடைக்காரர். பாட்டிலைத் திருப்பி, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று எழுதியிருந்ததைப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பி, அவர் கொடுக்கலாம் என்று சொல்லும்வரை கடையை விட்டு நகரவில்லை. பின்னால் நின்ற கூட்டம் முணுமுணுத்தது. முணுமுணுக்கட்டும் என்று நின்றேன்.

மிச்ச வைத்தியத்தை நானே பார்த்துக்கொண்டேன். தொட்டியில் வளர்த்த கற்பூரவல்லி இலையை வாட்டிப் பிழிந்து தேனில் கொடுத்தேன். பனங்கற்கண்டும் மிளகும் தட்டிப் போட்ட பால். நொய்க்கஞ்சி. எல்லாவற்றுக்கும் மேலாக ரசம். காய்ச்சல் என்றால் மீனை நிறுத்திவிடுவோம். அதனால் மூன்று வேளையும் ரசம் சோறுதான். எங்கள் வீட்டில் மற்ற நாள் பூராவும் மீன் குழம்பு, ரசம் வைப்பதே அபூர்வம். இப்போது மிளகு, சீரகம், பூண்டு தட்டி, பெருங்காயத்தைத் தாராளமாகப் போட்டு, தெரு முழுக்க மணக்க மணக்க வைத்தேன். பிள்ளையும் உறிஞ்சிக் குடித்தாள். கடையில் விற்பது எதுவும் வேண்டாம், என் அடுப்பும் என் கையும் போதும் என்று எனக்கு ஒரே பெருமை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மதினி ஒரு தூக்குவாளியில் நண்டு ரசம் கொண்டுவந்தார். நெஞ்சுச் சளிக்கு எங்கள் கரையில் அதுதான் மருந்து.

"நண்டுக்கால் தட்டிப் போட்டது. மிளகும் பூடுந்தான். புதுச் சட்டி" என்றார்.

நான் வாளியை வாங்கவில்லை. "உங்க அடுப்படியில சப்பாத்தி மாவு பிசைவீக மதினி. ஒரு பொட்டு பறந்து விழுந்தாலும் பிள்ளைக்கு ஆகாது" என்றேன்.

அவர் வாளி மூடியை இன்னொரு தடவை அழுத்தி மூடினார். "சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

செவ்வாய்க்கிழமை காய்ச்சல் இறங்கியது. அன்று சாயங்காலம் நான் பின்கட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது மதினி வந்து, பிள்ளை பக்கத்தில் சற்று நேரம் உட்கார்ந்து ஜெபம் சொல்லிவிட்டுப் போனார். புதன்கிழமை காலை பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். மதியத்துக்குள் நாலு தடவை போனது. ஒரு வருஷமாக நான் பார்க்காத அதே பேதி, அதே நாற்றம். யாரோ கொடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. நான் கொடுத்ததில் எல்லாம் அரிசி, பால், ரசம்.

வியாழக்கிழமை படுக்கையை உதறினேன். தலையணைக்குக் கீழே ஒரு கைக்குட்டை முடிச்சு. அவிழ்த்தால் உள்ளே காய்ந்த ரொட்டித் துண்டு, பாயெல்லாம் தூள்.

"யாரு குடுத்தா?"

"அத்தை" என்றாள் பிள்ளை.

"தின்னியா?"

"இல்லம்மா. திங்கக் கூடாது, தலைமாட்டுல வச்சுக்கன்னு அத்தை சொன்னாக."

என்னிடம் சொல்லக்கூடாது என்று பிள்ளைக்குப் பாடம் படித்துக் கொடுத்திருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். ஏழு வயதுப் பிள்ளை முகத்தைப் பார்த்து அது பொய் சொல்கிறதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கைக்குட்டையோடு கரைக்குப் போனேன். மதினி அங்கே நாலைந்து பெண்களோடு குனிந்து மீன் பரத்திக்கொண்டிருந்தார்.

"உங்க ரொட்டிய நீங்களே வச்சுக்கங்க மதினி. ஒரு வருசமாத் தேத்துன பிள்ளைய ஒரே நாள்ல படுக்க வச்சுட்டீக" என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை.

அவர் நிமிர்ந்தார். "நான் பிள்ளை வாயில வைக்கலத்தா. மந்திரிச்ச ரொட்டி, தலைமாட்டுல இருந்தாப் போதும்னு வச்சேன். அந்தோணியார் அறிய."

"தலைமாட்டுல வைக்கப் படம் இல்லையா, செபமாலை இல்லையா? ரொட்டிதான் வேணுமா? பிள்ளைக்குப் பொய் சொல்லவும் சொல்லிக் குடுத்துருக்கீக."

மற்ற பெண்கள் கையில் மீனை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். மதினி என் கையிலிருந்த முடிச்சை வாங்கிக்கொண்டு குனிந்து வேலையைப் பார்க்கத் தொடங்கினார். நானும் வந்துவிட்டேன். சரியாகக் கேட்டுவிட்டதாக ஒரு திருப்தி இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

அன்று கடலுக்குப் போய்த் திரும்பிய வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எங்கக்கா பொய் சொல்லாது" என்று மட்டும் சொன்னார். நான் ரசத்துக்குப் பூண்டு உரித்தேன்.

சளி போய்விட்டது. பேதி போகவில்லை. வயிற்று உப்புசத்துக்கும் வலிக்கும் வீட்டு வைத்தியம் எதுவென்று யாரைக் கேட்டாலும் ஒன்றுதான் சொல்வார்கள், நானும் அதைத்தான் செய்தேன்: மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தேன், ரசத்தில் இரட்டிப்பாகப் போட்டேன். வலி கூடக் கூட, பெருங்காயத்தையும் கூட்டினேன். டாக்டரிடம் போனில், மாமியார் வீட்டுப் பக்கம் ரொட்டி கொடுத்துவிட்டார்கள் என்று புகார் சொன்னேன். ஒரு தடவை தின்றதற்கு இத்தனை நாள் இழுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, வேறு ஏதாவது உள்ளே போகிறதா பாருங்கள் என்றார் அவர். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, என் வீட்டில் எல்லாம் சுத்தம் என்றேன். டேப்பை எடுத்து அளந்தேன். மேல்கை கால் இஞ்ச் குறைந்திருந்தது. இன்னொரு முறை அளந்தேன், டேப் சுருண்டிருக்கும் என்று. சுருளவில்லை.

திங்கட்கிழமை பெருங்காயம் தீர்ந்துபோனது. எங்கள் வீட்டில் அதை ஒரு பழைய ஜாம் பாட்டிலில் கொட்டி வைத்திருப்பேன். மாதக்கணக்கில் அப்படியே இருக்கும், ஒரு வாரத்தில் காலியானது இதுதான் முதல் தடவை. கடைக்குப் போய்ப் புது டப்பா கேட்டேன். கடைக்காரர் எடுத்து வைத்துவிட்டு வேறு ஆளுக்குச் சீனி நிறுக்கப் போனார். நிற்கிற நேரத்தில், வேறு எதற்கும் இல்லை, வெறும் பழக்கத்தில் கை டப்பாவைத் திருப்பியது.

முதலில் மைதா. அப்புறம் ஏதோ பிசின். மூன்றாவதாகத்தான் பெருங்காயம்.

மறுபடியும் படித்தேன். கடையில் இருந்த மற்ற டப்பாக்களையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் மைதா, ஒன்றில் கோதுமை மாவு என்றே இருந்தது. ஒரு வருஷமாகப் பிஸ்கட்டையும் மசாலாவையும் மருந்தையும் திருப்பித் திருப்பிப் படித்தவள், ஜாம் பாட்டிலில் இருந்ததற்கு லேபிள் உண்டு என்பதையே மறந்துபோனேன். அது பெருங்காயம், பெருங்காயத்துக்குள் பெருங்காயம்தானே இருக்கும் என்று இருந்துவிட்டேன். மூன்று வேளை ரசத்திலும் மோரிலும், வலிக்க வலிக்க, என் கையாலேயே பிள்ளைக்கு மைதாவை ஊட்டியிருக்கிறேன்.

"என்னக்கா, லேபிள்ல என்ன போட்டுருக்கு?" என்று கடைக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு ஒன்றும் வாங்காமல் வந்தேன். வழியில் யார் என்ன கேட்டார்கள் என்று நினைவில்லை.

அன்றிலிருந்து பெருங்காயத்தை நிறுத்தினேன். சட்டியையும் மத்தையும் வெந்நீரில் போட்டுத் தேய்த்தேன். கஞ்சியும் தேங்காய்ப் பாலும் மட்டும் கொடுத்தேன். புதன்கிழமை ஒரு தடவைதான் போனாள். வியாழக்கிழமை பேதி நின்றுவிட்டது, மீன் கேட்டாள்.

மதினியிடம் போக வேண்டும். வீட்டுக்கு வரும்வரை காத்திருந்து தனியாகச் சொல்லிவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. ஆனால் அவர் ஒரு வாரமாக எங்கள் வாசலை மிதிக்கவில்லை. நடுவில் வந்த செவ்வாய்க்கிழமையும் கோயிலிலிருந்து நேராகத் தன் வீட்டுக்குப் போய்விட்டார். அதோடு, நாலு பேர் கேட்கப் பேசியதை நாலு பேர் கேட்கத்தான் திருப்பி எடுக்க வேண்டும். கரைக்குப் போனேன். அதே பெண்கள், அதே வலை விரிப்பு. என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"மதினி, தப்பு எம்மேலதான். காயத்துல மைதா கலந்துருக்கான். ரசத்துல நாந்தான் போட்டுக் குடுத்தேன். நீங்க குடுக்கல. பிள்ளை பொய் சொல்லல. நாந்தான்…"

மதினி இரண்டு மூன்று மீனைத் திருப்பிப் போட்டார். "பிள்ளைக்கு இப்ப எப்பிடி இருக்கு?"

"நின்னுருச்சு."

"காச்ச?"

"இல்ல மதினி."

"காயத்துல போயி மைதாவக் கலப்பான்னு யாரு கண்டா" என்றார். கோபமாகத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னார்: "நீ பிள்ளைக்குப் பயந்து கேட்டது சரித்தா. எம்பேச்ச நம்பலையே, அதுதான் எனக்கு."

பக்கத்தில் உட்கார்ந்து மீனைத் திருப்பிப் போட ஆரம்பித்தேன். எந்தப் பக்கம் முதலில் காய வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது. இரண்டு முறை தப்பாக வைத்தேன், அவர் எடுத்துச் சரியாக வைத்தார். சேலை முழுக்கக் கருவாட்டு வாடையோடு வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தூக்குவாளியில் நண்டு ரசம் வந்தது. சளி போன பிறகு எதற்கு என்று நான் கேட்கவில்லை. இதில் பெருங்காயம் போடுவீர்களா என்று மட்டும் கேட்டேன், பழக்க தோஷம். "நண்டுக்கு எதுக்குடி காயம்?" என்றார். பிள்ளை இரண்டு கிண்ணம் குடித்தாள். ஆக, முதல் ஞாயிற்றுக்கிழமையே எங்கள் வாசல் வரை வந்த அந்த வாளியில்தான் பிள்ளைக்கு ஆகிற மருந்து இருந்திருக்கிறது. நான் திருப்பி அனுப்பிவிட்டு உள்ளே போய் மைதா கரைத்திருக்கிறேன். அந்த ஜாம் பாட்டிலில் இப்போது பொத்தான் போட்டு வைத்திருக்கிறேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நவநாள் முடிந்து மதினி வந்தார். அத்தையைப் பார்த்ததும் பிள்ளை வாசலுக்கு ஓடினாள். மதினி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "இரு தாயி, தொடாத, இரு" என்றபடி நேரே சிமெண்டுத் தொட்டிக்குப் போனார்.

எனக்குப் பழையபடி சிரித்துப் பேச வேண்டும்போல இருந்தது. "வாங்க மதினி, ஒரு வாடையும் இல்ல. அன்னைக்கிருந்து எஞ்சேலையிலதான் வாடை" என்றேன்.

"வாடைக்கு யாரு கழுவுறா?" என்றார் அவர், தண்ணீர் மொண்டுகொண்டே. "ரொட்டி தொட்ட கையி. தின்ன வாயி. அப்பிடியே போயி பிள்ளைக்கு முத்தங்குடுக்கலாமா? மதுரையில இருந்து வந்தன்னைக்கு நீதான சொன்ன, ஒரு பொட்டுக்கூடப் படக்கூடாதுன்னு."

ஒரு வருஷத்துச் செவ்வாய்க்கிழமைகள் எல்லாம் என் கண் முன்னால் வந்து நின்றன. படியிறங்கிப் போய் அவர் கையிலிருந்த செம்பை வாங்கிக்கொண்டேன். அவர் முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நான் ஊற்றினேன்.